உல்ஃப் கிரான்பெர்க் கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு காமிக்ஸ் நண்பர்களே,

ஸ்வீடனின் 'ஃபாண்டோமென்' இதழாசிரியர் உல்ஃப் கிரான்பெர்க் பற்றிய என் கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. ராணி காமிக்ஸில் மாயாவியாக நாம் படித்த அதே முகமூடி வீரர் ஃபாண்டமின் ஸ்வீடிஷ் காமிக்ஸ் இதழ்தான் அது, 1950இலிருந்து வருகிறது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து 2012 வரை அதைக் கட்டிக் காத்தவர் கிரான்பெர்க். கதையும் எழுதினார், மொழிபெயர்க்கவும் செய்தார். ஸ்வீடிஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாத நான் தனியாக இதை எழுதியிருக்கவே முடியாது.

முதல் நன்றி ஸ்டாக்ஹோம் அக்காவுக்கு. பழைய இதழ்களைத் தேடிப்பிடித்து அனுப்பியதோடு விடாமல், வேலை முடிந்து வந்த களைப்போடு போனில் பக்கம் பக்கமாகப் படித்து அர்த்தம் சொன்னார். அப்போதுதான் அந்த இதழ் உருவாகும் விதமே எனக்குப் பிடிபட்டது. பிரிட்டனின் நார்மன் வொர்க்கர் கதை எழுத, ஸ்பெயினில் பிறந்த ஹைமே வல்வே வரைகிறார். இன்னொரு கதைக்கு ஓவியம் ஃபின்லாந்தின் காரி லெப்பானென், வேறொன்றுக்கு ஜெர்மனியின் ஹைனர் பாடே. ஆளுக்கொரு நாடு! இத்தனை பேர் கையிலும் மாயாவி ஒரே மாயாவியாக இருக்க வேண்டும், தந்தைக்குப் பின் மகன் என்று மாயாவி வேடம் தொடரும், 1536இல் தொடங்கும் வம்சக் கதையில் எந்தத் தலைமுறை எப்போது வாழ்ந்தது என்பதில் பிசகக் கூடாது, இதழும் தேதி தவறாமல் கடைக்குப் போக வேண்டும். இத்தனையும் ஆசிரியர் தலையில்தான் விழும், ஆனால் வாசகர்கள் ஆசிரியர் பெயரைக் கவனிப்பதே அபூர்வம். எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது.

அடுத்து சிட்னி நண்பர். அதே ஸ்வீடன் கதைகளை ஆஸ்திரேலியாவின் ஃப்ரூ நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கிறது, தன் சேகரிப்பிலிருந்து அவற்றை நம்பி அனுப்பிவைத்தார். மாயாவியை உருவாக்கிய லீ ஃபால்க் 1999இல் மறைந்த பிறகு, அமெரிக்கச் செய்தித்தாள்களில் வரும் மாயாவி படக்கதைத் தொடரை எழுத வந்த டோனி டிபாலும் கிளாஸ் ரைமெர்தியும் ஸ்வீடன் இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்று சொன்னவரும் இவர்தான். அதைக் கேட்டபின் கட்டுரையின் பின்பாதியை முழுக்க மாற்றி எழுதினேன்.

அப்புறம், ராணி காமிக்ஸ் கட்டைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்த மதுரை அண்ணனுக்கும், ராத்திரி உட்கார்ந்து பிழை திருத்திய தம்பிக்கும் மனமார்ந்த நன்றி.

கிரான்பெர்க் ஐயா, உங்கள் உழைப்புக்குத் தமிழ் வாசகன் ஒருவனின் வணக்கம்.

அக்கா, தபால் செலவு எவ்வளவு என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை. தயவுசெய்து கணக்கு அனுப்புங்கள்.