கல் பொறுக்கப் போகும் முன்

அன்புள்ள சுந்தர்,

உன் கடிதம் கிடைத்தது. இளைஞர் குழுவின் அடுத்த கூட்டத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். பள்ளி நாட்களில் கால்சட்டைப் பை கிழியக் கிழியக் கல்லை நிரப்பிக்கொண்டு திரிந்தவன் நீ. உன்னை விட்டால் வேறு யாரைப் பிடிப்பார்கள்? இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வலியைவிட அதை விசாரிக்க வருபவர்கள்தான் அதிகம் படுத்துகிறார்கள். நீயாவது அடுத்த கடிதத்தில் அதைக் கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் முதல் அரை மணி நேரத்துக்கு ‘பாறை வகைகள்’ என்று ஓர் உரை இருக்கிறது. அதைத் தூக்கிவிடு. 13, 14 வயதுப் பிள்ளைகள் வாரம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் உன்னிடம் வருகிறார்கள். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்ற பெயர்களெல்லாம் கையில் கல் வந்த பிறகு வரட்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் கல்லைப் பார்ப்பதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டோடு தொடங்கு. ஏறக்குறைய ஒரே அளவுள்ள கற்களை ஆளுக்கு ஒன்று கொடு. இரண்டு நிமிடம் தடவிப் பார்க்கட்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரு கூடையில் கொட்டிக் கலக்கிவிட்டு, கண்ணைக் கட்டி அவரவர் கல்லை எடுக்கச் சொல். “எல்லாமே ஒன்றுபோலத்தானே இருக்கிறது” என்று முதலில் சிணுங்குவார்கள். கண்ணைக் கட்டியதும் விரல் தேட ஆரம்பிக்கும். பெருவிரல் அழுந்துகிற ஒரு சின்னப் பள்ளம், ஒரு ஓரத்தில் மட்டும் மணல் மணலாக ஒரு சொரசொரப்பு, அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். “இது என் கல்” என்று ஒருவன் சொல்லிவிட்டால் உனக்குப் பாதி வேலை முடிந்தது.

வெளியே போவதற்கு முன் அந்த இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிவிடு. தேசியப் பூங்கா, பாதுகாக்கப்பட்ட இடங்கள் என்றால் பெரும்பாலும் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. கைவிட்ட கல் குவாரி, செங்குத்தான பாறைச் சரிவின் அடிவாரம் இரண்டும் வேண்டவே வேண்டாம். சுத்தியலை எல்லோர் கையிலும் கொடுக்காதே. உடைக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும். பக்கவாட்டையும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் அருகில் போகக் கூடாது, வேடிக்கை பார்ப்பவனும்தான். இரண்டு சுத்தியலை ஒன்றோடொன்று மோதிப் பார்க்கும் வீரன் ஒருவன் எந்தக் குழுவிலும் இருப்பான். அந்த எஃகு சில்லாகத் தெறிக்கும். அவனை முதலிலேயே கண்டுபிடித்து அருகில் வைத்துக்கொள்.

ஒருவருக்கு மூன்று கல்தான், அதற்கு மேல் கூடாது என்று சொல்லிவிடு. இதில் மட்டும் இளகாதே. பை நிறையப் பொறுக்குகிறவன் எதையும் பார்ப்பதில்லை. மூன்றுதான் என்றால், எதை வைப்பது எதை விடுவது என்று பொறுக்கிய இடத்திலேயே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம். இது ஏன் வரி வரியாக இருக்கிறது, இது மட்டும் ஏன் மினுங்குகிறது என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

எடுத்த இடத்திலேயே ஒரு துண்டுச் சீட்டில் இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி, கல்லோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றச் சொல். திரும்பி வந்ததும் கல்லின் அடியில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு, அதன்மேல் ஓர் எண், அதே எண் நோட்டில். எங்கே எடுத்தது என்று தெரியாத கல்லை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், வேறு எதற்கும் உதவாது.

சோதனைகளுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃபிரெட்ரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் 1812-இல் கொடுத்த கடினத்தன்மை வரிசை இன்றும் கைகொடுக்கிறது. எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். டால்க் என்ற மிக மென்மையான கனிமம் 1, வைரம் 10. நம் நகம் ஏறக்குறைய இரண்டரை, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. குவார்ட்ஸ் 7 என்பதால் கண்ணாடியைக் கீறிவிடும். கண்ணாடித் துண்டை மேசைமேல் வைத்துத்தான் கீற வேண்டும், கையில் பிடித்துக்கொண்டு வேண்டாம். ஆணியால் கீறும்போது ஒன்றைக் கவனி: ஆணி மென்மையாகவும் கல் கடினமாகவும் இருந்தால், ஆணியின் துகள்தான் கல்லில் கோடாக ஒட்டியிருக்கும். ஈர விரலால் துடைத்துப் பார்க்கச் சொல். கோடு போய்விட்டால் அது கீறல் இல்லை.

டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லை உரசிக் கோட்டின் நிறத்தைப் பார்ப்பது எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஹேமடைட் என்ற இரும்புத் தாது பார்க்கக் கறுப்பாகவோ வெள்ளி மாதிரியோ இருக்கும், உரசினால் செம்பழுப்புக் கோடு விழும். தங்கம் மாதிரி பளபளக்கும் பைரைட் பச்சை கலந்த கறுப்பாகக் கோடு போடும். தங்கமாக இருந்தால் கோடும் மஞ்சளாகத்தான் வரும். ‘தங்கம் கிடைத்துவிட்டது’ என்று யாராவது ஓடி வந்தால் டைல்ஸை நீட்டு. வினிகர் இரண்டு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், ஆனால் மெதுவாகத்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் குமிழிகள் ஊர்வது தெரியும்.

மழை வந்து வெளியே போக முடியாமல் போனால் பாறைச் சுழற்சியை, அதாவது ஒரு வகைப் பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டே இருப்பதை, பகடை வைத்து விளையாடலாம். அறையில் ஆங்காங்கே மாக்மா (பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு), தீப்பாறை, மணலும் சேறும், படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று அட்டை ஒட்டிவிடு. எந்த எண் விழுந்தால் எங்கே போக வேண்டும், எது விழுந்தால் அங்கேயே நிற்க வேண்டும் என்று ஒவ்வோர் அட்டையிலும் எழுது. படத்தில் அம்புக்குறி வட்டமாகச் சுற்றுவதுபோல யாரும் சுற்றி வர மாட்டார்கள். ஒருத்தி மாக்மாவிலேயே கிடந்து புலம்புவாள், இன்னொருவன் உருமாறிய பாறையிலிருந்து நேராகத் தேய்ந்து மணலாகிவிடுவான். நிஜப் பாறைக்கும் அப்படித்தான்.

பரிசு கொடுப்பதானால் பெரிய கல்லுக்கோ அழகான கல்லுக்கோ வேண்டாம். நல்ல நோட்டுக்குக் கொடு.

அப்புறம், என் பெட்டியிலிருக்கும் நுரைக்கல்லை அனுப்புகிறேன். கல் மிதக்குமா என்று கேட்டுவிட்டு, எல்லோரும் சிரித்த பிறகு வாளித் தண்ணீரில் போடு. எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகியது அது, உள்ளே முழுக்கக் காற்றுக் குழிகள். அதிக நேரம் ஊறினால் மூழ்கிவிடும். ஒத்திகை பார்க்காமல் இருக்க உன்னால் முடியாது, எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு நன்றாகக் காயவை. லென்ஸ் எத்தனை தேவைப்படும் என்று உடனே எழுது, அதையும் அதே பார்சலில் வைத்துவிடுகிறேன்.

உன்,
ரவி