கிராஃபைட்டுக்குக் காரணம் சொல்லுங்கள்

பள்ளி வேதியியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். "அலோகங்கள் மின்சாரத்தைக் கடத்தா, கிராஃபைட் விதிவிலக்கு" என்று மாணவர்கள் தட்டாமல் ஒப்பிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வருவதில்லை. பத்தாம் வகுப்பிலேயே புரியக்கூடிய காரணம்தான் அது. அதைப் பாடத்தின் நடுவில் வையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

வைரமும் பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் கார்பனே. கார்பன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். வைரத்தில் நான்கும் அண்டை அணுக்களுடனான பிணைப்புகளுக்கே செலவாகிவிடுகின்றன. நகர்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கிராஃபைட்டில் ஓர் அணு மூன்று அணுக்களுடன் மட்டும் பிணைகிறது. நான்காவது எலக்ட்ரான் அந்த அடுக்கு முழுவதற்கும் பொதுவாகிவிடுகிறது. ஆகவே அடுக்கின் வழியே மின்சாரம் எளிதாக ஓடுகிறது; அடுக்கு விட்டு அடுக்குக்குச் செல்வது அதற்குக் கடினம்.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக இணைந்த பென்சீன் மூலக்கூறிலும் இப்படிப் பொதுவான எலக்ட்ரான்கள் உண்டு. ஆனால் அவை தத்தம் வளையத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. அதனால் திரவ பென்சீன் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எலக்ட்ரான் விடுபட்டால் போதாது, தொடர்ந்து செல்லப் பாதையும் வேண்டும்.

பாலித்தீனையும் பாலி அசிட்டிலீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டும் கார்பன் சங்கிலிகளே. பாலித்தீனில் எல்லாம் ஒற்றைப் பிணைப்புகள்; மின்கம்பிக்கு உறையாகப் போடும் அளவுக்கு அது நல்ல காப்புப் பொருள். பாலி அசிட்டிலீனில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. அப்போதும் அது தானாக நன்றாகக் கடத்திவிடாது. அயோடின் ஆவி பட்டதும் சங்கிலியிலிருந்து சில எலக்ட்ரான்கள் பறிக்கப்படுகின்றன. அந்தக் காலியிடங்களால் மின்னூட்டம் சங்கிலி நெடுக நகர முடிகிறது. ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் 1977இல் வெளியிட்ட இந்த ஆய்வில் மின்கடத்துதிறன் கோடி மடங்கு வரை உயர்ந்தது. 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தும் என்று சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். இந்த வாய்ப்பை நாம் ஏன் வீணாக்க வேண்டும்?

சிவகங்கை மாவட்டத்தில் கிராஃபைட் வெட்டி எடுக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். நம் மண்ணில் கிடைக்கும் பொருள் ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பிள்ளைகள் அறிய வேண்டாமா?

செய்முறையும் எளியதே. 6பி பென்சிலால் தாளில் அழுத்தமாக ஒரு பட்டை தீட்டி, அதன் வழியே 9 வோல்ட் பேட்டரியையும் ஒரு எல்இடி விளக்கையும் இணைத்தால் விளக்கு மங்கலாக எரியும். பட்டையின் நீளம் கூடக்கூட ஒளி குறையும். அடுத்த பதிப்பில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மனப்பாட வரியைக் காரணத்துக்குப் பின்னால் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்