சேகருக்கு, பெயர் வைக்கும் விஷயமாக

டேய் சேகர்,

மகன் பிறந்த செய்தியைப் படத்தோடு அனுப்பினேன். நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினாய். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஒரு கட்டைவிரல்! குரல் பதிவாகச் சொல்லலாம் என்றால், நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டு, நான் கீச்சுக்குரலில் புலம்புவதாகச் சாந்தியிடம் சொல்லிச் சிரிக்கிற ஆள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

தாயும் பிள்ளையும் நலம். பத்தியச் சமையல் நடப்பதால் வீடெல்லாம் பூண்டும் நல்லெண்ணெயும். அம்மா பிறை டவுனிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார். மாமனாரும் அத்தையும் வாரக் கடைசியில் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்துபோகிறார்கள். எனக்குத் தூக்கம் இல்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது? குணா சொன்ன அந்தக் கெடா மாநிலத்து ஆளிடம் மட்டும் போகாதே. நலம் விசாரித்தாயிற்று.

இனி விஷயம். பையனுக்கு இன்னும் பெயர் இல்லை. காலில் கட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பட்டையில் 'பூங்குழலியின் குழந்தை' என்றாவது இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதையும் கத்தரித்தாயிற்று. அம்மாவுக்கு அவன் 'தம்பி', அத்தைக்கு 'ராசா', பக்கத்து வீட்டு இங் அங்கிளுக்கு 'பாய்'. நான் 'பாஸ்' என்று கூப்பிடுகிறேன். வீட்டு நிலவரமும் அதுதான்.

பதிவிலாகாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு என்று வேறு படிவம், வேறு விசாரணை. நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெயர் கிடைக்கவில்லை என்று நினைத்துவிடாதே. நாங்கள் இருவரும் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டோம். அதுதான் பிரச்சினையே. பெயரைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு படிக்காமல் குணாவைக் கூப்பிடுவாய்.

பையன் திருவாதிரை, மூன்றாம் பாதம். கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கு, க, ங, ச என்று நான்கு பாதத்துக்கும் நான்கு எழுத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மூன்றாவதைச் சுழித்துக் கொடுத்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். 'ங'. தமிழ்ப்பள்ளியில் 'ஙப்போல் வளை' படித்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்த எழுத்தை நான் தனியாகச் சந்தித்ததே இல்லை. ஐயரே சிரித்துவிட்டு, "நாலில் எது அமைஞ்சாலும் வைங்க" என்றார். இந்தப் பினாங்குத் தீவில் அந்த எழுத்தில் பெயர் உள்ளவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், எல்லாரும் சீனர்கள். இங் அங்கிளிடம் சொன்னேன். தன் பெயரை இலவசமாகவே தருவதாகச் சொன்னார், ஆங்பாவ் அன்பளிப்புப் பணம் மட்டும் நான் கொடுக்க வேண்டுமாம்.

ஊரில் இல்லாத பெயர்தான் வேண்டும் என்று பூங்குழலி ஏன் நிற்கிறாள் தெரியுமா? முதலாம் ஆண்டு வகுப்பாசிரியை. இந்த வருஷம் அவள் வகுப்பில் ஒரு தர்வின், ஒரு தர்ஷன், ஒரு தர்ஷ்வின், ஒரு தஷ்வின். 'தர்' என்று வாயெடுத்ததும் வரிசையாகத் தலைகள் நிமிர்கின்றன. உன் மகனைச் சொல்லவில்லை. சொல்வதாக நீ நினைத்தாலும் பரவாயில்லை. எண் சோதிடர் சொன்னார் என்று அவன் பெயருக்குள் நீ சொருகிய 'எச்' எழுத்துகளில் ஒன்றையாவது இதுவரை யாராவது உச்சரித்திருக்கிறார்களா?

என் கதை உனக்குத் தெரியும். நெட்டை ராஜு, கட்டை ராஜு, அப்புறம் நான், வெறும் ராஜு. அவளுக்கு நேர்மாறு. தமிழாசிரியர் பெற்ற மகள், ஆசையாக வைத்த பெயர். பிறப்புப் பத்திரத்தில் ழகரம் 'எல்' ஆகி, இடைநிலைப் பள்ளியில் மலாய்த் தோழிகள் வாலை மட்டும் பிடித்து 'லாலி' ஆக்கி, அதுவும் போதாமல் 'புக்கு லாலி' ஆக்கிவிட்டார்கள். கணுக்கால் என்ற பட்டத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தவள். அவள்தான் இன்று துணிச்சலாக நிற்கிறாள். பெயரால் ஒரு நாளும் கஷ்டப்படாத நான் நடுங்குகிறேன்.

முதலில் கடையெழு வள்ளல்களிடம் போனோம். மாமனார் மனம் குளிர்ந்து மனப்பாடமாகவே சொன்னார்: பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி. ஆனால் மலாய் பேசும் ஊரில் வைக்க வேண்டுமே! பாரி என்றால் இங்கே திருக்கை மீன். முல்லைக்குத் தேர் கொடுத்தவனைச் சம்பல் தடவி வாழையிலையில் சுட்டுத் தின்றுவிடுவார்கள். காரி என்றால் கறிக்குழம்பு. ஓரி என்றால் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைப் பேச்சில் அசல் சரக்கு. 'நீ ஓரியா, டூப்ளிகேட்டா' என்று கேட்காமல் ஒரு பையனும் விடமாட்டான். பேகன் என்றால் பகாங்கில் இருக்கும் பெக்கானா என்பார்கள். 2006-இல் வேண்டாத பெயர்கள் என்று பதிவிலாகா ஒரு பட்டியல் வெளியிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? விலங்கு, பழம், காய்கறி, நிறம், எண் எதுவும் கூடாது, 007 கூடாது, ஹிட்லர் கூடாது என்று. நாம் அதை மாரிமுத்து சார் வகுப்பில் சத்தமாகப் படித்து வாங்கிக் கட்டிக்கொண்டோமே. திருக்கை மீனைக் கொண்டுபோய் அந்தக் கவுண்டரில் நிறுத்த எனக்குத் தைரியமில்லை.

எழினி என்று ஒன்று அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதியமான் குடியில் வரும் பெயர். மறுபடியும் ழகரம். தன் கணுக்காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளே அடித்துவிட்டாள்.

அப்புறம்தான் இது வந்தது. மதுரைக்குப் போயிருந்தோமே, அப்போது கீழடி அருங்காட்சியகத்துக்கும் போனோம். 2023-இல் திறந்தது, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். நான் வெயிலுக்குப் பயந்து நிழல் நிழலாக ஒதுங்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்றவள் நின்றவள்தான். உள்ளே உடைந்த பானை ஓடுகள், கறுப்பும் சிவப்புமாக. கூரான எதையோ வைத்துக் கீறிய எழுத்துகள், பாதியில் உடைந்தும் உடையாமலும். தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்து. ஒரு கோடு நேராக வந்து கடைசியில் சறுக்கியிருக்கிறது. இன்னொன்றில் அழுத்திய அழுத்தில் ஓட்டின் மேல்தோல் பெயர்ந்திருக்கிறது. பார்த்தால் அவசரத்தில் கீறியது மாதிரி இருக்கிறது. அங்கே வாங்கிவந்த சிறுநூலை வீட்டில் புரட்டும்போதுதான் அவள் விரல் வைத்துக் காட்டினாள். அந்த ஓடுகளில் இருப்பதெல்லாம் ஆட்களின் பெயர்களாம். ஆதன் என்று ஒருவர். குவிரன் ஆதன் என்று ஒருவர்.

குவிரன். அதுதான்டா பெயர். சிரித்து முடித்துவிட்டு வா.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரியை அமெரிக்காவில் சோதித்ததில் கி.மு. 580 என்று காலம் வந்திருக்கிறது. வைகைக் கரையில் அவ்வளவு பழைய ஊர். இந்தக் குவிரன் அரசனில்லை, வள்ளலில்லை, எந்தப் புலவரும் இவனைப் பாடவில்லை. ஓட்டுக்கு ஓடு கையெழுத்து மாறுவதால் பானைக்குச் சொந்தக்காரர்களே எழுதியிருக்கலாம் என்கிறார்கள். தன் பானை அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று பெயரைக் கீறி வைத்த ஒரு ஆள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடித்தது. பெரிய மன்னன் பெயரை வைத்துவிட்டு, நாளைக்கு அவன் கணக்கில் தோற்றால் மன்னனுக்கல்லவா அவமானம்?

'கு' என்று தொடங்குவதால் ஐயர் காகிதத்துக்கும் பழுதில்லை. அம்மா தலையாட்டிவிடுவார் என்று நினைத்தோம். ஆனால் அவர் எங்களிடம் மூச்சுவிடாமல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறார்: பேரன் பிறந்தால் பால்குடம், பெயரும் முருகன் பெயர். 'கு' என்றதும் 'குமரன்' என்றார். நியாயம்தான். பூங்குழலி யோசிக்காமல், "வீட்டுல குமரான்னே கூப்பிடுங்க அத்தை, யாரு வேணாம்னா?" என்றாள். பாதிக் காரியம் முடிந்தது.

மீதிப் பாதியை நான் கிளறிவிட்டேன். குவிரன் என்பது குபேரன்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அம்மா முகம் மலர்ந்தது, மாமனார் முகம் இருண்டது. "அப்போ பிராகிருதம் வழியா வந்த வடசொல்தானே, மாப்பிள்ளை?" என்று கை கழுவ எழுந்துவிட்டார். பூங்குழலி மெதுவாகக் கேட்டாள்: "ஏம்ப்பா, அந்த மனுஷன் பானையில பேரைக் கீறும்போது வேர்ச்சொல் பார்த்தா கீறியிருப்பான்?" பதில் இல்லை. பாவாணர் நூல்களை எடுத்து வருவதற்காக அவர் சுங்கைப் பட்டாணிக்குப் போயிருக்கிறார். இந்த வாரக் கடைசி என்ன ஆகும் என்று தெரியவில்லை.

இதெல்லாம் சிரிப்பு. உண்மையில் என்னை அரிப்பது வேறு, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அப்பாயி ஞாபகம் இருக்கிறதா உனக்கு? உனக்கு மட்டும் கருவாட்டில் பெரிய துண்டு வைப்பாரே. கூலிம் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி காதில் விழுந்தபடி செக்ரோல் என்னும் ஆள் பேரேட்டில் ஏற்றிய பெயர் ஒன்று, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி அடையாள அட்டையில் இருந்தது ஒன்று, அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாயார் பெயர் என்று எழுதியது ஒன்று. லெட்சுமி என்ற பெயரை எத்தனை விதமாகத்தான் எழுத முடியும்! இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, சாகும் வரை சிவப்பு ஐசி. அப்பா காலமான பிறகு அவர் பணத்தை எடுக்க நான் அலைந்தது உன் மோட்டார் சைக்கிளில்தானே. ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் போய் நின்று கையெழுத்துப் போட்டோம். அம்மா அன்று வெயிலில் குடையைத் திறக்கவே மறந்து நடந்தார்.

அதனால் ராத்திரியில் பால் புட்டி கழுவும்போது உள்ளே ஒரு குரல்: கேட்கிறவன் ஒரே தடவையில் சரியாக எழுதுகிற பெயரை வைத்துவிட்டுப் போயேன். ரவி. குமார். ராஜு.

இதை அவளிடம் சொன்னேன். எழுந்துபோய்ச் சமையலறை மேல்தட்டிலிருந்து அப்பாயியின் எவர்சில்வர் சொம்பை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தட்டிய 'வீ. லெட்சுமி'. தமிழில். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் பாத்திரக் கடையில் நின்று பெயரை வெட்டி வாங்கியிருக்கிறார். காகிதத்துக்குக் காகிதம் மாறிய பெயரைக் கடைக்காரர் ஒழுங்காக வெட்டிக் கொடுத்திருக்கிறார். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சொம்பையே எடுத்துக்கொண்டு பையனுக்குத் தண்ணீர் வார்க்கப் போய்விட்டாள்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நேற்று கூப்பிட்டுப் பார்த்தேன். "குவிரா, சாப்பிட வா." சரியாக இருக்கிறது. "டேய் குவிரா, போனைக் கீழே வை." இதுவும் பொருந்துகிறது. 'குவிரன் ஏ/எல் ராஜு', அதாவது ராஜு மகன் குவிரன் என்று எழுதிப் பார்த்தால்தான் கொஞ்சம் இடிக்கிறது, ராஜு பக்கம்.

மிச்சம் இருப்பது எழுத்துக்கூட்டல். பத்திரத்தில் ரூமி என்னும் ஆங்கில எழுத்தில்தான் போக வேண்டும், அங்கே கோட்டை விட்டால் ஆயுசுக்கும் கோட்டைதான். நான் கே-யூ-வி-ஐ-ஆர்-ஏ-என் என்கிறேன். 'ஐ'-க்குப் பதில் இரண்டு 'இ' போடலாமா என்கிறாள் அவள். போட்டால் குவீரன் ஆகி, கடைசியில் வீரன் ஆகிவிடுவான். 'கு'-வுக்குப் பிறகு ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் இன்னும் மோசம். தெங்கு, கு எல்லாம் அரச குடும்பத்துப் பட்டம். விளக்கம் சொல்லி மாளாது.

நீ வங்கிக் கவுண்டரில் நாள் முழுக்கப் பெயர்களைப் பார்க்கிறவன். ஒரு உபகாரம் செய். நான் சொன்ன எழுத்துகளை ஒரு காகிதத்தில் எழுதி, உன் பக்கத்தில் இருக்கும் மலாய்க்காரர் ஒருவரிடமும் சீனர் ஒருவரிடமும் நீட்டு. எதுவும் சொல்லிக் கொடுக்காதே. அவர்கள் வாயில் எப்படி வருகிறதோ அதை அப்படியே எனக்குச் சொல். வியாழக்கிழமைக்குள் வேண்டும், வெள்ளிக்கிழமை பதியப் போகிறோம்.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. சாந்தியையும் பையனையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வா. பள்ளி விடுமுறை, ஈடிஎஸ் ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. பட்டர்வொர்த்தில் இறங்கிப் ஃபெரி பிடித்து வந்தால் ஜெட்டியில் நான் நிற்கிறேன். பெயரைக் காதில் சொல்ல அத்தை ஒருவர் வேண்டும். எனக்குக் கூடப்பிறந்த பெண் பிள்ளை இல்லை, சாந்திதான் சொல்ல வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். முறை பார்த்தால் உன் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சிதானே.

குணாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ முந்தாதே.

ராஜு

பி.கு.: ஆதன் என்ற பெயரை யாருக்கும் சொல்லாதே, அது அடுத்த பிள்ளைக்கு என்று பூங்குழலி உள்ளே இருந்து கத்துகிறாள். எனக்குக் காது கேட்கவில்லை.