பத்தாமல் போய்விடுமோ என்ற பயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் உணவு விரயம் பற்றி ஓர் அன்பர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த நம் பெற்றோர் ஒரு பருக்கையைக்கூட வீணாக்கியதில்லை, நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் அரிசியின் அருமை தெரியவில்லை என்பது அவர் கட்சி. பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் என் கணவரும் நானும் 19 ஆண்டுகள் கேட்டரிங் நடத்தினோம். கல்யாணம், பிறந்தநாள், புதுமனை புகுவிழா, பதினாறாம் நாள் காரியம் என்று எல்லாவற்றுக்கும் சமைத்திருக்கிறோம். முட்டி வலி தாங்காமல் அண்டாக்களை விற்றுவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ இரவு பதினொன்றரை மணிக்குக் கருப்புப் பையில் பிரியாணியைக் கவிழ்த்தவள் நான். அந்தப் பைகளில் தட்டில் மிச்சம் வைத்த சோறு கொஞ்சம்தான் இருந்தது. பெரும்பகுதி எந்தத் தட்டுக்கும் போகாமலே, கரண்டி படாமலே குப்பைக்குப் போனது. அதற்கு எந்தப் பிள்ளையைத் திட்டுவது?

தோட்டத்தில் வீணாகவில்லை என்பது உண்மை. நானும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். அங்கே கல்யாணம் என்றால், லயத்தில் எத்தனை வாசல், வாசலுக்கு எத்தனை வாய் என்பது சமையல்காரருக்குத் தெரியும். எந்த வீட்டுத் தாத்தா படுக்கையில் இருக்கிறார், யார் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்பது வரை தெரியும். வெளியூர் உறவுகள் லோரியில் வந்து இறங்கும்போதே தலையை எண்ணிவிடலாம். மிஞ்சினால் மறுநாள் பழைய சோறு. அதற்கும் மேல் மிஞ்சினால் கோழி இருந்தது, மாடு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு அதே சனங்கள்தாம் செந்தூலுக்கும் கெப்போங்குக்கும் பிளாட் வீடுகளுக்கும் வந்தார்கள். யார் வருவார், யார் வரமாட்டார் என்ற கணக்கு வழியிலேயே எங்கோ தொலைந்துபோயிற்று.

இப்போது கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று சொல்கிறேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு போன் வரும்.

"அக்கா, அறுநூறு பேருக்குப் போட்டுருங்க."

"கார்டு எத்தனை அடிச்சீங்க தம்பி?"

"முந்நூறு."

"வர்றேன்னு சொன்னவங்க எத்தனை பேரு?"

"அது எப்படிக்கா கேக்கறது? சாப்பிட வர்றியா, வரலையான்னு கேட்ட மாதிரி ஆயிரும்."

இந்தக் கடைசி வரியை வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். சீனர் வீட்டு விருந்தில் மேசைக்குப் பத்துப் பேர். ஆள் வராவிட்டால் மேசைக் காசு போச்சு என்று தெரிந்து, பேரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறார்கள். (அங்கேயும் மிஞ்சத்தான் செய்கிறது, அது வேறு கதை.) நம் வீட்டில் கேட்டால் மரியாதைக் குறைவு. "குடும்பத்தோடு வந்து வாழ்த்தவும்" என்று அச்சடித்துவிடுகிறோம். குடும்பம் என்றால் இரண்டு பேரா, ஏழு பேரா? அழைக்கிறவருக்கும் தெரியாது, வருகிறவருக்கும் அன்று மாலை வரை தெரியாது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று வீட்டுக் கல்யாணம் வரும். பள்ளி விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். மனிதர் மூன்று மண்டபத்துக்கும் போவார், மூன்றிலும் மொய் வைப்பார், ஒன்றில்தான் சாப்பிடுவார். மூன்று வீட்டிலும் அவருக்குச் சோறு வெந்திருக்கும்.

இனி, வீட்டுக்காரர் மனதில் வருவார்கள் என்று நினைப்பது நானூறு பேர் என்று வையுங்கள். பயத்தில் ஐந்நூறு என்பார். "பத்தலைன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்று தாய்மாமன் இன்னொரு நூறு ஏற்றுவார். குறைந்தது இத்தனை பேர் என்று மண்டபத்துக்காரர் ஒரு கணக்கு வைத்திருப்பார். சாப்பாடு தீர்ந்தால் கெட்ட பேர் எங்களுக்கும்தான் என்பதால் நாங்கள் எங்கள் பங்குக்கு நாற்பது சேர்ப்போம். ஆக, 640 பேருக்கு உலை வைப்போம். வந்து சாப்பிடுவது 380 பேர். பஃபேயில் ஒரு கிலோ பாசுமதி பத்துப் பேருக்கு என்பது எங்கள் கணக்கு. 26 கிலோ அரிசி அதிகம். வெந்தால் எழுபது கிலோ வரும். கறியும் கோழியும் பொரியலும் பாயசமும் தனி.

எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி நாங்கள் யாரிடமும் வாதாடியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குத் தலைக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்). குறைத்துச் சொல்ல எங்களுக்கு என்ன வந்தது? 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை, அரிசியை இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியதே, அப்போதாவது விருந்துகளில் அளவு குறையும் என்று நினைத்தேன்.  தலைக்கு ஆகும் காசு கூடியது. தலைகளின் எண்ணிக்கை அப்படியே நின்றது.

மிஞ்சியதை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமே என்று அன்பர் கேட்டிருக்கிறார். கேட்காதவரே இல்லை. இதற்கென்றே சட்டமும் வந்திருக்கிறது. உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020, நல்லெண்ணத்தோடு நல்ல உணவைக் கொடுத்தவரை வழக்கிலிருந்து காக்கிறது. தி லாஸ்ட் ஃபூட் புரோஜெக்ட் போன்ற அமைப்புகள் பேரங்காடிகளில் மிஞ்சுவதைச் சேகரித்து இல்லங்களுக்குக் கொடுக்கின்றன. கெச்சாரா சூப் கிச்சன் இந்த நகரத்துத் தெருக்களில் பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறது. கொடுக்க மனமும் உண்டு, வாங்க ஆளும் உண்டு. தடுப்பது கடிகாரம். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது சுகாதார அமைச்சு. விருந்து ஏழு மணிக்கு என்று கார்டில் இருக்கும். ஐந்து மணிக்கெல்லாம் சமைத்து இறக்கி மண்டபத்தில் வைத்துவிடுவோம். சனம் எட்டரைக்கு வரும். தொகுதியின் மக்கள் பிரதிநிதி, அதாவது வைபி, வருவதற்காக ஒன்பது வரை காத்திருப்பார்கள். பிறகு அவர் பேசுவார். பத்தரை மணிக்கு எவ்வளவு மிஞ்சியது என்று எனக்குத் தெரியும்போது அந்தக் கோழி சமைத்து ஐந்தரை மணி நேரம் ஆகியிருக்கும். அதை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஒரே ஒரு தடவை ஓர் இல்லத்துக்குப் போன் செய்தேன். "மன்னிச்சுக்குங்கம்மா, அரிசியாக் கொடுங்க, வாங்கிக்கிறோம்" என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

நாட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 17,000 டன் உணவுக் கழிவு சேர்கிறது என்றும், அதில் நான்கில் ஒரு பங்கு இன்னும் சாப்பிடக்கூடியது என்றும் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகக் கழகம் பல முறை சொல்லியிருக்கிறது. முக்கால் பங்கு தோலும் எலும்பும் முட்டை ஓடும் என்றால், அந்தக் கால் பங்குதான் நம் வெட்கம். கோலாலம்பூரின் குப்பை ஜிஞ்சாங் பக்கம் தாமான் பெரிங்கின் இடமாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெரிய லோரிகளில் உலு சிலாங்கூர் புக்கிட் தாகார் வரை போகிறது. 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னார்களே, அதுவும் காகிதம், பிளாஸ்டிக், டின் ஆகியவற்றுக்குத்தான். சோறு மற்றக் குப்பையோடு ஒரே பைக்குள்தான் போகிறது. பதினேழாவது மாடியில் இருக்கிறவர் எங்கே போய்க் கோழி வளர்ப்பது?

விருந்தை மட்டும் பேசுகிறேன், வீட்டை விட்டுவிட்டேன் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உலக அளவில் வீணாகும் உணவில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தும் 28 விழுக்காடு உணவுக் கடை, கேட்டரிங் போன்றவற்றிலிருந்தும் வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் சொன்னது. வீடுதான் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலும் இதே கதைதான். மகன் வேலை முடிந்து வருவான் என்று அம்மா உலை வைக்கிறாள். அவன் வழியில் இந்திய முஸ்லிம் உணவுக்கடையான மாமாக் கடையில் தாப்பாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்கிக்கொண்டு வருகிறான். ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அரைக் குவளை அரிசி மிச்சம். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல்காரர்கள் தானம் செய்வதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்துப் பந்தலிலும் அதே நேரத்தில் அதே சாம்பார் சாதம்தானா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

போன வருடம் என் தங்கை மகள் கல்யாணம். சமையல் கணக்கை என் பொறுப்பில் விட்டார்கள். வீட்டுப் பெண்கள் நான்கு பேர் நான்கு இரவு உட்கார்ந்து கார்டு வைத்த 214 குடும்பத்துக்கும் போன் செய்தோம். "சாப்பாட்டுக்கு எத்தனை பேரு வர்றீங்கன்னு சொல்லிட்டா எங்களுக்கு வசதியா இருக்கும்" என்று மட்டும் கேட்டோம். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "வர முடியாதும்மா, சொல்றதுக்கே சங்கடமா இருந்துச்சு, நல்லவேளை கேட்டீங்க" என்றவர்கள் பலர். 390 பேர் என்று கணக்கு வந்தது. 410 பேருக்குச் சமைத்தோம். 402 பேர் வந்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்குக் கத்தரிக்காய்ப் பச்சடி தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
பழைய கேட்டரிங்காரி,
செந்தூல், கோலாலம்பூர்