மூளை ரசாயனம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மனச்சிதைவு நோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை என் தம்பிதான் எனக்கு வாசித்துக் காட்டினான். அந்த நோயோடு அவன் வாழ்வது இது 17ஆவது வருடம். 'மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் கூடுவதால் வருகிறது, சர்க்கரை நோய் மாதிரிதான்' என்ற இடத்தில் நிறுத்தினான். "சர்க்கரைக்கு மாசாமாசம் ரத்தம் எடுக்கறாங்களே, எனக்கு அது எவ்ளோ இருக்குதுன்னு எப்பண்ணா பாப்பாங்க?" என்று கேட்டான். அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. ஸ்கேன் எடுப்பதுகூட மூளையில் கட்டி, காயம் என்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். நோயாளியிடம் பேசி, வீட்டாரையும் விசாரித்துத்தான் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் இது இல்லை.

நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. ஒருமுறை அவனாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். கடைசியில் சோளிங்கர் தக்கான் குளத்துப் படிக்கட்டில்தான் கண்டுபிடித்தோம். மாத்திரை திரும்ப ஆரம்பித்த பிறகுதான் தூங்கினான். 'இது மூளை சம்பந்தப்பட்ட நோய்' என்று மருத்துவர் முதன்முதலில் சொன்னபோது, "அப்போ நான் வளர்த்தது தப்பில்லையா சார்?" என்று அம்மா அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தெருவே செய்வினை என்றும் வளர்ப்பு சரியில்லை என்றும் பேசிய காலம் அது. அந்த ஒரு வார்த்தை அம்மாவுக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் அது பாதிக் கதைதான். 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகள் அமைதியானார்கள். அது டோபமைனைத் தடுக்கிறது என்று தெரியவந்தது அதற்குப் பல வருடம் கழித்து. அதை வைத்துத்தான் டோபமைன் கூடுவதே நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் வளர்ந்தது. நாங்கள் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்கள். தறியை நிறுத்தினால் சிக்கு மேலே பரவாது. நூல் ஏன் அறுந்தது என்பது அதில் தெரிந்துவிடுமா? மாத்திரை அவன் காதில் கேட்ட குரலை அடக்கியது. குளிக்காமல், பேசாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை அது மாற்றவில்லை. வழக்கமான மாத்திரைகளில் சரியான பலன் கிடைக்காதவர்கள் மூன்றில் ஒருவர் இருக்கிறார்கள்.

இன்னொன்று. அவன் காதில் கேட்டது யார் குரல் தெரியுமா? அப்பா இறந்த வருடம் பாக்கியைக் கேட்டு வாசலில் நின்று கத்திய கடன்காரரின் குரல். குரல் கேட்பதற்கு மூளை காரணமாக இருக்கட்டும், அது ஏன் அவர் குரலாக இருக்க வேண்டும்? தனியாக கிளினிக் வைத்திருந்த ஒரு மருத்துவரிடம் தம்பி அதைச் சொல்லப் போனபோது, "அதெல்லாம் கெமிக்கல்பா" என்று சொல்லிச் சீட்டு எழுதிவிட்டார். தம்பி அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்தக் குரலைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் மரபணு. என் மகளுக்கு வந்த ஒரு நல்ல இடம் 'உங்க ரத்தத்திலேயே இருக்குதாமே' என்று தட்டிப்போனது. 2022இல் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் போவதில்லை. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது என்றால், சித்தப்பாவுக்கு இருக்கும் ஒரு பெண்ணுக்கு நூற்றில் மூன்று நான்குதான். 'பரம்பரை நோய்' என்று ஒரே வார்த்தையில் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அடுத்து வருகிறவர்களும் திரும்பிப் போவார்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் கூடவே தங்க வேண்டும். அம்மா தங்கினார். தம்பியிடம் எப்படிப் பேசுவது, எப்போது விட்டுவிடுவது என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். 1980களில் வேலூர், சென்னை, லக்னோ மூன்று ஊர்களிலும் இந்த நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. மூன்றில் இரண்டு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதும் பணமுடை இல்லாததும் தேறியதோடு சேர்ந்தே காணப்பட்டன. நம் ஊரிலேயே நடந்த ஆய்வு இது, உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

தம்பியை எழுப்பி உட்கார வைத்தது ராட்டை. ஒரு நாள் அம்மா கை வலிக்கிறது என்று சொல்ல, அவனே போய் உட்கார்ந்து நாலு தார் (தறி நாடாவுக்குள் வைக்கிற நூல் குழல்) சுற்றினான். இப்போது என் தறிக்கு வேண்டிய தார் முழுவதும் அவன் சுற்றுவதுதான். சனிக்கிழமை கூலி வாங்கி, அம்மாவுக்கு வெற்றிலை வாங்கி வருகிறான்.

அடுத்த முறை இந்த நோயைப் பற்றி எழுதும்போது மருத்துவரோடு சேர்த்து இப்படிப்பட்ட ஒருவரிடமும், அவர் வீட்டாரிடமும் கேட்டு எழுதுங்கள். மகளுக்கு மறுபடி வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளி,
குடியாத்தம்.