நெருப்பு சீனைப் பாராட்டினது காணும், சாப்பாட்டு மேசையையும் கொஞ்சம் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட வாரமலர்ல, தீயணைப்பு வீரர்களைப் பற்றின சிகாகோ ஃபயர் எண்ட அமெரிக்க ரீவி நாடகத்தைப் பற்றி ஒரு பத்தி வந்தது. எழுதினவர் நல்லாத்தான் எழுதியிருந்தார், ஆனா கடைசியில வந்து நெருப்பு வாற சீன் எல்லாம் நிஜம் மாதிரி இருக்கு, நடுவில வாற காதல், கலியாணம், வீட்டுப் பிரச்சினை எல்லாம் இழுவை, அதுகளை வெட்டினா நாடகம் இன்னும் விறுவிறுப்பா இருக்கும் எண்டு முடிச்சிருந்தார். எனக்கு இது அப்பிடியே தலைகீழாப் படுது. அந்த நாடகத்தில உண்மையா இருக்கிறது வீட்டுக்கதைதான், பொய்யா இருக்கிறது நெருப்புத்தான். ஏன் சொல்லுறன் எண்டு கொஞ்சம் எழுத விடுங்கோ, நீளமா வந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

2012 அக்டோபர் 10ல அமெரிக்காவில என்பிசி சனல்ல தொடங்கின நாடகம் இது. முதல் எபிசோட்லயே ஆன்டி டார்டன் எண்ட தீயணைப்பு வீரர் ஒரு வீட்டு நெருப்பில செத்துப் போறார். அதுக்கு நீதான் காரணம், நீதான் காரணம் எண்டு அவரோட வேலை செய்த கேசியும் செவரைடும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டு ஒரே ஸ்டேசன்ல, ஒரே மேசையில சாப்பிடுகினம். பிறகு அந்தச் செத்தவரின்ர ரெண்டு பெடியளையும் பாக்க ஆள் இல்லை எண்டு, 2021ல, நாடகத்தின்ர 200வது எபிசோட்ல கேசி வேலையை விட்டுட்டு ஒரிகன் மாநிலத்துக்குப் போறார். ஒன்பது வருசத்துக்கு முந்தின சாவுக்கு ஒருத்தர் தன்ர வாழ்க்கையை மாத்திக் கடன் கட்டுறார். இது இழுவையோ? இதை வெட்டிப்போட்டா மிச்சம் என்ன, சைரன் சத்தமும் தண்ணிக் குழாயும்தான்.

சிகாகோவில தீயணைப்பு ஆக்களுக்கு 24 மணித்தியாலம் வேலை, பிறகு 48 மணித்தியாலம் ஓய்வு. கேக்க நல்லாத்தான் இருக்கும், ரெண்டு நாள் லீவு எண்டு. ஆனா மூண்டு நாளைக்கு ஒரு இரவு வீட்டில ஆள் இல்லை, பிள்ளையின்ர பிறந்தநாளும் கிறிஸ்மஸும் அந்த நாளில விழுந்தா விழுந்ததுதான், மனுசி தனியப் படுத்துக்கொண்டு ஃபோனைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாடகத்தில ஹெர்மன் எண்டு ஒரு ஆள், அஞ்சு பிள்ளையள், முதல் சீசன்லயே கடன் கட்ட ஏலாமல் வீடு பறிபோய் மாமனார் வீட்டில போய் இருக்கிறார். பிறகு கூட வேலை செய்யிற டோசனோடயும் ஓட்டிஸோடயும் சேர்ந்து மோலீஸ் எண்டு ஒரு பாரை வாங்கி நடத்தினம். கேசிக்குக் கட்டட வேலை பக்கத் தொழில். உயிரைப் பணயம் வைக்கிற வேலை செய்யிற ஆளுக்குச் சம்பளம் காணாமல் இன்னொரு தொழில் பாக்க வேண்டியிருக்கு எண்டதை எந்த நெருப்புக் காட்சியும் சொல்லாது, ஹெர்மன்ட முகம்தான் சொல்லும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில அரசாங்க உத்தியோகத்தில இருக்கிற எத்தினை பேர் பின்னேரம் ஓட்டோ ஓடினம், ரியூசன் குடுக்கினம், ஓன்லைன்ல சாமான் விக்கினம் எண்டு உங்கட பத்திரிகைதானே எழுதினது. அப்ப இந்தக் கதை எங்களுக்கு எப்பிடி இழுவையாகும்.

செவரைடும் அப்பிடித்தான். கழுத்தில அடிபட்டதை மேலிடத்துக்குச் சொன்னா ஸ்குவாட் எண்ட மீட்புக் குழுவில இருந்து எடுத்துப்போடுவினம் எண்ட பயத்தில ஒளிச்சுக்கொண்டு, நோ மருந்தைப் போட்டுக்கொண்டு ஏணியில ஏறுறார். வேலை போனா தான் ஆர் எண்டே தெரியாத ஆம்பிளையள் எங்கட குடும்பங்கள்லயும் இருக்கினம்.

இப்ப நெருப்புக்கு வாறன். இதைத்தான் நான் முக்கியமா எழுத வந்தது.

அந்த நாடகத்தில வாற நெருப்பு செம்மஞ்சளாப் பளபளக்கும், அறை முழுக்க வடிவாத் தெரியும், நடிகர்மாரின்ர முகமும் தெரியும், கனக்க நேரம் முகமூடியைக் கழட்டிப்போட்டுக் கதைப்பினம். ஏன் எண்டு விளங்குது, முகம் தெரியாட்டி ஆர் நாடகம் பாப்பினம், சம்பளம் குடுக்கிறதே முகத்துக்குத்தானே. ஆனா உண்மையான வீட்டு நெருப்புக்குள்ள ஒண்டும் தெரியாது. கும்மிருட்டு. கறுத்தப் புகை மேல போய் கூரையில முட்டி, அங்கயிருந்து கீழ இறங்கி இறங்கி வரும், மேல சூடு நூற்றுக்கணக்கான பாகையில இருக்கேக்க நிலத்தோட ஒட்டின கொஞ்ச இடத்திலதான் மூச்சு விடக்கூடிய காத்து மிஞ்சும். அதாலதான் உள்ள போறவை தவண்டு போகினம், சுவரைக் கையால தடவிக்கொண்டு, ஒருத்தரின்ர கால் எங்க எண்டு மற்றவர் பிடிச்சுக்கொண்டு. முதுகில இருக்கிற காத்துச் சிலிண்டருக்கு அரை மணித்தியாலம் எண்டு பேர், மூச்சு வாங்க வாங்க வேலை செய்தா அதுக்கு முதலே முடிஞ்சுபோகும்.

நெருப்பில சாகிற ஆக்கள்ல கனபேர் எரிஞ்சு சாகிறேல்ல, புகையாலதான் சாகினம். பள்ளிக்கூடத்தில படிச்ச காபனோரொட்சைட்டு, மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையில இருக்கிற ஆளை எழும்ப விடாது. அதோட இப்ப எங்கட வீடுகள்ல இருக்கிற சோபா, மெத்தை எல்லாம் ஃபோம், அது எரிஞ்சா ஐதரசன் சயனைட்டும் சேர்ந்து வரும். நாடகத்திலயே ஏழாவது சீசன் கடைசியில ஒரு மெத்தைத் தொழிற்சாலை பத்தி எரியுது. எனக்கு அதைப் பாத்தவுடன இண்டைக்குத்தான் புகையைக் காட்டப் போகினம் எண்டு ஒரு நினைப்பு, ஆனா பொயிலர் வெடிச்சுத்தான் ஓட்டிஸ் செத்தார். (அழுதனான்தான், அது வேற விசயம். லிஃப்ட் இயக்கிற வேலையில தொடங்கினதாலதான் அவருக்கு லிஃப்ட் செய்யிற கொம்பனியின்ர பேரான ஓட்டிஸ் எண்டு பட்டப்பேர் வந்தது, எங்கட பிளாட்டில லிஃப்ட் நிக்கிற நேரமெல்லாம் எனக்கு அந்தப் பெடியன்ட ஞாபகம் வரும்.) அம்புலன்ஸ்ல வேலை செய்த ஷேய் செத்ததும் மூண்டாவது சீசன் தொடக்கத்தில கட்டடம் வெடிச்சு. வெடிக்கிறது ரீவியில வடிவு, புகைக்கு வடிவு இல்லை, அதுதான் காரணம்.

புகை வேலை முடிஞ்ச பிறகும் விடாது எண்டதையும் சேர்த்துச் சொல்ல வேணும். உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022ல தீயணைப்பு வேலையையே மனிசருக்குப் புற்றுநோய் வரப்பண்ணுறதுகளின்ர முதலாம் குழுவில சேர்த்தது. நாடகத்தில ஹெர்மன்ட மனுசி சின்டிக்கு நுரையீரல்ல புற்றுநோய் வந்து ஒரு சீசன் அதோட போகுது. பத்தி எழுதினவர் இழுவை எண்டு சொன்னதுக்குள்ள இதுவும் அடங்கும் எண்டு நினைக்கிறன். ஆஸ்பத்திரி வாசல்ல அந்தாள் ஒண்டும் செய்ய ஏலாமல் நிக்கிறதை விட உண்மையான நெருப்பு சீன் அந்த நாடகத்திலயே இல்லை எண்டு நான் சொல்லுவன்.

இதெல்லாம் நாடகம்தானே, இதுக்கேன் இவ்வளவு எண்டு நீங்கள் கேக்கலாம். நான் இருக்கிறது வெள்ளவத்தையில. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில இருக்கிற ஒழுங்கையளில எத்தினை மாடிக் கட்டடம் எழும்பியிருக்கு எண்டு உங்களுக்கே தெரியும், ஒரு கார் நிண்டா மற்றக் கார் போக ஏலாத ஒழுங்கையள். அந்தக் கட்டடங்கள்ல படிக்கட்டுக்குப் போற கதவு ஒண்டு இருக்கும், தானா மூடுற பாரக் கதவு. அது மூடிக்கிடக்க வேணும், அப்பத்தான் கீழ்வீட்டுப் புகை படிக்கட்டுக்குள்ள வராது. ஆனா அந்தக் கதவுக்கு ஒரு பூச்சாடியை இல்லாட்டி செங்கல்லை முட்டுக்குடுத்துத் திறந்து வைச்சிருப்பினம், காத்து வரட்டும் எண்டு. படியில சப்பாத்து ராக்கை, பிள்ளையின்ர சைக்கிள், பழைய மெத்தை, சில இடங்கள்ல வெறும் காஸ் சிலிண்டர். 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடிச்ச நேரம் எல்லாரும் பயந்து சிலிண்டருக்கு சவர்க்காரத் தண்ணி பூசிப் பூசிப் பாத்தவை, அந்தப் பயம் இப்ப எங்க போனதோ தெரியேல்ல. கேட்டா, நெருப்புப் பிடிச்சா ஓடிடலாம்தானே எண்டினம். ரீவியில பாத்ததை வைச்சுத்தான் சொல்லினம், நெருப்புக்கு நடுவால வெளிச்சத்தில ஓடுறதை. படிக்கட்டு முழுக்கப் புகை ஏறினா அந்தக் கட்டடத்தில மேல்மாடி ஆக்களுக்கு இறங்க வழியே இல்லை, பழைய மெத்தை பத்தினா அந்தப் புகையும் சேர்ந்து வரும். அப்பிடியான நேரம் கீழ இறங்கப் போகாமல் அறைக் கதவைச் சாத்திப்போட்டு, கதவடியில ஈரத்துணியை வைச்சு, யன்னலடியில நிண்டு 110க்கு அடிக்க வேணும் எண்டு எத்தினை வீட்டில சொல்லிக் குடுத்திருக்கினம்?

நாடகத்தை முழுக்கக் குறை சொல்ல வரேல்ல. சிகாகோவிலயே போய் எடுக்கினம், புளூ ஐலண்ட் அவனியூவில இருக்கிற உண்மையான 18ம் நம்பர் ஸ்டேசன்தான் வெளியில காட்டுற ஸ்டேசன். தண்ணி அடிக்கிறது ஒரு வண்டி, ஏணி போட்டுக் கதவை உடைச்சு ஆளைத் தேடுறது இன்னொரு வண்டி, சிக்கலான மீட்பு வேலைக்கு ஸ்குவாட் எண்டு பிரிச்சுக் காட்டுறது சரியாத்தான் இருக்கு. அந்த ஊருக்கு நெருப்பு எண்டா சும்மா விசயமும் இல்லை, 1871 அக்டோபர்ல நகரத்தில பெரிய பங்கு எரிஞ்சு ஒரு லட்சம் பேர் வீடில்லாமல் போனவை. அந்த நெருப்பு தொடங்கின மாட்டுக்கொட்டில் இருந்த இடத்திலதான் இப்ப அவையளின்ர தீயணைப்புப் பயிற்சிப் பள்ளிக்கூடம் நிக்குது.

சரி, எங்கட தமிழ் ரீவிகளுக்கு ஒண்டு சொல்லவும் இந்தக் கடிதத்தைப் பாவிக்கிறன். எத்தினை வருசத்துக்குத்தான் இந்தியாவில இருந்து வாற மாமி மருமகள் நாடகத்தைப் போட்டுக்கொண்டு இருக்கப் போறியள்? இலங்கை வானொலி நாடகம் கேட்டு வளந்த சனம் நாங்கள். அமெரிக்காக்காரன் மாதிரி எடுக்கக் காசில்லை எண்டு சொல்லுவியள். காசு போறது நெருப்புக்கு, மேசைக்கு இல்லை. மருதானையில டி.பி. ஜாயா மாவத்தையில மாநகர சபையின்ர தீயணைப்புத் தலைமையகம் இருக்கு, அப்பிடி ஒரு இடத்தில ஒரு மேசையைப் போடுங்கோ. ஒரு சிங்களப் பெடியன், ஒரு முஸ்லிம் பெடியன், கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு தமிழ்ப் பெடியன், பென்சனுக்குக் கிட்ட நிக்கிற ஒரு பெரியவர். நோன்பு திறக்கிற நேரம் பாத்து மணி அடிக்கட்டும், கஞ்சி ஆறிப்போகட்டும். யாழ்ப்பாணத்தில இருந்து மகளிட்ட வந்து நிக்கிற ஒரு அம்மம்மா ராத்திரி ஃபோன் எடுத்து சிங்களம் வராமல் ஒழுங்கையின்ர பேரைச் சொல்லத் தடுமாறட்டும், அதை அந்தக் கொட்டாஞ்சேனைப் பெடியன் வாங்கிக் கதைக்கட்டும். நெருப்பைக் காட்டவே தேவையில்லை, திரையைக் கறுப்பாக்கிப்போட்டு மூச்சுச் சத்தத்தையும் சுவரைத் தடவுற சத்தத்தையும் போடுங்கோ, அதுதான் உண்மையும், அதுதான் மலிவும்.

கதைக்கும் பஞ்சமில்லை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள்ல ஒரு துணிக்கடை பத்தினா வண்டி உள்ள போறதுக்கு முதல் மூட்டை தூக்கிற நாட்டாமையளின்ர கைவண்டியளை எடுக்க வேணும். 2022 செப்டெம்பர்ல தொட்டலங்க கஜீமா தோட்டத்தில பலகை வீடுகள் வரிசையா எரிஞ்சு சனம் உடுத்த உடுப்போட றோட்டில நிண்டது. 1996 ஜனவரி 31ல மத்திய வங்கியில குண்டு வெடிச்ச அண்டு கோட்டைக்குள்ள போன தீயணைப்பு ஆக்கள் இப்ப வயது போய் எங்கயோ இருப்பினம், அண்டைக்கு இரவு வீட்டுக்குப் போய் பிள்ளையளுக்கு என்ன சொன்னவை எண்டு இதுவரைக்கும் தமிழில ஒரு நாடகக்காரரும் கேட்டதா எனக்குத் தெரியேல்ல. நீங்களாவது ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதுங்கோ.

பத்தி எழுதினவர் கோவிக்கக் கூடாது, அவரை முதல் சீசன்ல ஹெர்மன் வீடு போன கட்டத்தை இன்னொருக்கா பாக்கச் சொல்லுங்கோ. கடிதம் நீண்டுபோச்சு எண்டா சிகாகோக் கதையை எவ்வளவும் வெட்டுங்கோ, அந்தப் படிக்கட்டுக் கதவு விசயத்தை மட்டும் வெட்டாமல் போடுங்கோ ஐயா.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6