வாழை சாய்ந்த செய்தி கேட்டு

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் கிடைத்தது. குலை தள்ளிய ஏத்தன் வாழை முழுவதும் ஒரே ராத்திரிக் காற்றில் சாய்ந்துவிட்டது என்று படித்ததும், மேலே படிக்க மனசு வரவில்லை. நகையை அடகு வைத்துப் போட்ட தோட்டமல்லவா! "இனி என்ன சொல்லி செபம் பண்ண?" என்று கேட்டிருக்கிறாய்.

இங்கே ரோசிலிக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வலது கையை இன்னும் தூக்க முடியவில்லை. இடது கையால்தான் செபமாலை உருட்டுகிறாள். மணி கைநழுவினால் எங்கே விட்டோம் என்று தெரியாமல், அந்தப் பத்து மணியையும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஆரம்பத்தில் கை சரியாக வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை. இப்போதும் அதைக் கேட்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு செபம் சொல்லும் நேரத்தில், கை சரியாகாவிட்டாலும் ஆண்டவர் எங்களைக் கைவிடமாட்டார் என்ற தைரியம் வருகிறது. எல்லாம் நன்றாக இருந்த காலத்தில் இது எனக்கு இருந்ததில்லை.

உன் கடிதத்தைப் படித்தபோது நம்ம தேவசகாயம் பிள்ளைதான் நினைவுக்கு வந்தார். நட்டாலத்து நீலகண்ட பிள்ளையாக, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர். மாடுகள் செத்து, பயிரும் அழிந்து சோர்ந்து போயிருந்த நேரத்தில்தான் டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார். அந்த டிலனாய் யார்? 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி. தோல்வியைத் தானே அனுபவித்தவர் சொன்னதால்தான் அந்தக் கதை பிள்ளையின் மனசில் இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

1745-இல் பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி, தேவசகாயம் ஆனார். யோபுவுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. இவருக்கோ இருந்த உத்தியோகமும் போனது. 1749-இல் சிறை. எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். புனிதர் பட்டம் வந்தது 2022-இல்! லாபநஷ்டக் கணக்குப் பார்த்திருந்தால் முதல் வருஷமே திரும்பிப் போயிருப்பார். பயிர் அழிந்தபோது பிடித்த கையை அவர் கடைசிவரை விடவில்லை.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கோயிலுக்கு ஒழுங்காகக் கொடுக்காததால்தான் உனக்கு இப்படி ஆனது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைக் காதிலேயே வாங்காதே, மக்கா. யோபு பிறந்த நாளையே சபித்தார், கடவுளிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்டார். கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் வந்தது, 'நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய்' என்று பேசிய நண்பர்கள்மேல்தான். அந்த நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதனால் நானும் உனக்குக் காரணம் சொல்லப் போவதில்லை. என்னிடம் கேட்டதை ஆண்டவரிடமே கேள். கோபமாகவே கேள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்புறம், விஏஓ-விடம் சேதக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா? சாய்ந்த வாழையை வெட்டி மாற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து வை. வரும் சனிக்கிழமை ரோசிலியின் தங்கை இங்கே இருப்பாள், அதனால் நான் அங்கே வருகிறேன். வெட்டுக்கத்தி கொண்டுவருகிறேன். இரண்டு பேருமாகத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணிவிடலாம்.

அன்புடன்,
சேவியர்